வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து, மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்த அந்தத் தாய் நாற்காலியில் உட்காரும் முன்பே அழுதுவிட்டார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண். ஆனால் கமல்ஹாசனைப் போல நடிக்கவும் இயக்கவும் வேண்டும் என்கிறான். ஜோகன்னஸ்பர்க் மாமா, டாக்டராக்காமல் கூத்தாடியாக்கப் போகிறீர்களா என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார். அப்பாவோ, சினிமாதான் என்றால் வீட்டின்மேல் கடன் வாங்கியாவது பெரிய தனியார் திரைப்படக் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா, படிக்கிற பிள்ளைக்கு வழி அடைபடாது. ஆறுதல் இவ்வளவுதான். இனி சொல்லப் போவது உங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

முதலில் மாமா. மருத்துவப் பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், ஓர் ஆண்டு சமூக சேவை என்று நீளும் படிப்பு அது. மனமில்லாதவனை அதில் தள்ளினால் அவனுக்கும் கேடு, அவன் முன் படுக்கும் நோயாளிக்கும் கேடு. இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் தெருக்கூத்து ஆடியவர்கள் நம் முன்னோர். ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று இங்கே அதற்குப் பெயரே உண்டு. கூத்தாடி என்பதை வசையாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அடுத்து அப்பா. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ் என்ற தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் நிதியுதவி தனியார் கல்லூரிக்குக் கிடையாது. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் காட்டிய சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன், அதற்குள்தான் வருகிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்திலும் நாடகப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் சி.ஏ.ஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்து, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழியின்றி நிறுத்திய குடும்பத்தை இதே அறையில் பார்த்திருக்கிறேன். வீட்டின்மேல் கடன் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பையனுக்கும் ஒன்று. கமல் கல்லூரிக்கா போனார் என்று கேட்டானாம். போகவில்லை, ஆனால் கற்காமல் இருக்கவில்லை. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தை நட்சத்திரம். அந்தப் புகழோடு நிற்காமல் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றார், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தார். இயக்குநர் என்று திரையில் பெயர் வந்த முதல் படம் ‘சாச்சி 420’, 1997இல். நடுவில் 37 ஆண்டுகள். போஸ்டரில் தெரிவது முகம்தான்; யாரோ ஒருவருக்கு உதவியாளராக நின்ற நாட்கள் அதில் தெரிவதில்லை.

உங்கள் மகன் எங்கே உதவியாளராக நிற்கலாம்? படத்தொகுப்பு அறையில். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அவன் போனில் இருந்தது. காவடித் திருவிழாவில் மூன்று பேர் எடுத்த காட்சிகளை வாங்கி ஒன்பது நிமிடமாகத் தொகுத்திருக்கிறான். மேளம் உச்சத்துக்குப் போகும்போது காவடியை விட்டுவிட்டு, ஓரத்தில் கைகூப்பி நிற்கும் ஆயாவின் முகத்தில் நிறுத்தியிருக்கிறான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லையே!

உதவித் தொகுப்பாளரின் வேலை பொறுமையைக் கேட்கும். படப்பிடிப்பு முடிந்ததும் மெமரி கார்டுகள் வரும். குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் படியெடுத்து, சரிபார்த்த பிறகே கார்டைக் காலி செய்யலாம். படம் ஒரு கருவியில், ஒலி வேறொரு கருவியில் பதிவாகியிருக்கும். கிளாப் கட்டை மூடும் ஃபிரேமையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தி இணைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். நான்கைந்து தள்ளினாலே உதடு ஒன்று சொல்லும், காது வேறொன்று கேட்கும். பிறகு காட்சி, ஷாட், டேக் என்று எண்ணிட்டு அடுக்க வேண்டும். இந்தச் சலிப்பான வேலைக்குள்தான் நடிப்புப் பள்ளி இருக்கிறது. ஒரே வசனத்தை ஏழு டேக்கில் பார்ப்பவனுக்கு, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்காமலே பதிலுக்குத் தயாராகும் நடிகன் பிடிபட்டுவிடுவான். காட்சியை ஒட்ட முடியாமல் திணறும்போது, இயக்குநர் எந்த ஷாட்டை எடுக்க மறந்தார் என்பது தெரியும். நடிகனாகவும் இயக்குநராகவும் ஆசைப்படும் ஒருவனுக்கு இரண்டு பாடமும் ஒரே மேசையில் கிடைக்கிறது. சினிமா வாய்ப்பு வராத மாதத்திலும் திருமணப் படம், விளம்பரம், நிறுவனங்களின் பயிற்சிப் படம் என்று எல்லாவற்றுக்கும் தொகுப்பவர் தேவை.

டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. ஓரளவு வேகமான கணினி ஒன்றும் ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கிக் கொடுங்கள். இப்போதைக்கு அதற்கு மேல் ஒரு ரேண்ட் செலவு செய்யாதீர்கள். நாடகப் படிப்புக்குச் சேரட்டும். கல்லூரியில் யார் குறும்படம் எடுத்தாலும் அதைத் தொகுக்க முதல் ஆளாகப் போய் நிற்கட்டும். மதிப்பெண் விழக் கூடாது என்று மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், சேர்க்கை அதைப் பார்த்துத்தான்.

மாமா தீபாவளிக்கு வருகிறார் என்றீர்கள். சாப்பாடு முடிந்ததும் அந்த ஒன்பது நிமிடத்தை டிவியில் போடுங்கள். ஆயாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.