டிஜிட்டல் ஓவியத்தில் ஸ்டெபிலைசர் என்றால் என்ன?

கை நடுக்கத்தை வடிகட்டி, கோட்டை வழவழப்பாக்கும் வசதிதான் ஸ்டெபிலைசர். கிரிதா (Krita) என்ற ஓவிய மென்பொருளில் இது பிரஷ் கருவியின் அமைப்புகளிலேயே இருக்கிறது.

பேனா டேப்லெட்டில் நாம் இழுக்கும் கோடு கணினிக்குப் புள்ளி புள்ளியாகத்தான் போய்ச் சேரும். மெதுவாக வரைந்தால் சின்ன நடுக்கம்கூட அதில் பதிந்துவிடும். ஸ்டெபிலைசர் அடுத்தடுத்த புள்ளிகளைச் சராசரி எடுத்து வரைகிறது. கயிறு கட்டி இழுக்கும் பொம்மை வண்டி மாதிரி: கை அங்குமிங்கும் ஆடினாலும் வண்டி சீராக வரும், என்ன, கொஞ்சம் பின்தங்கி வரும். கூந்தல், சேலை மடிப்பு போன்ற நீண்ட வளைவுகளுக்கு அருமை.

ஸ்டெபிலைசரின் அளவை முழுக்க ஏற்றிவைத்தால் எல்லாக் கோடும் சுத்தமாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூக்கு நுனி, விரல் மடிப்பு போன்ற கூரான திருப்பங்கள் மழுங்கிப்போகும்.