முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது

கேள்வி: காது கேளாத பிள்ளைகளுக்கு நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆண்டு விழாச் செய்தியை மூன்று வருடமாக நாளிதழ்களுக்கு அனுப்பினோம். ஒரே ஒரு முறை உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. இப்போது ஒருவர், பணம் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே வரவைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? முதல் பக்கச் செய்தியை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: கொடுக்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் செய்தி மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பக்கத்தில் என்ன வரும் என்று ஆசிரியருக்கே மாலை வரை தெரியாது.

மாலையில் செய்திக் கூட்டம் நடக்கும். கையில் இருப்பதை ஒவ்வொருவரும் சொல்வார்கள். எது லீட், அதாவது பக்கத்தின் தலைமைச் செய்தி, எது அதற்கு அடுத்தது என்று முடிவாகும். அப்புறம் ஒரு விபத்தோ தீர்ப்போ வந்தால் எல்லாம் மாறிவிடும். 1963 நவம்பர் 22 அன்று ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி.எஸ். லூயிஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர்கள் இருவரும் இறந்தார்கள். அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு பெரிய எழுத்தாளர்களின் மரணமே அன்று ஓரத்துக்குப் போனது. அப்படியிருக்க, ஒரு தரகர் உங்களுக்கு எந்த இடத்தைப் பிடித்துவைக்க முடியும்?

இவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய அதே குறிப்பைத்தான் அவரும் அனுப்புவார். தானாக வந்தால் தன் செல்வாக்கு என்பார். வராவிட்டால் 'பெரிய செய்தி குறுக்கே வந்துவிட்டது' என்பார். இல்லையென்றால் விளம்பர இடத்தை வாங்கி, செய்தி போலவே எழுதி, மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போடவைப்பார். அல்லது பத்திரிகையின் மேல் சுற்றிவரும் விளம்பரத் தாளைக் காட்டி அதுதான் முதல் பக்கம் என்பார். 'இது செய்தியா, விளம்பரமா? ரசீதைப் பத்திரிகை அலுவலகம் தருமா?' என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நேரான பதில் வராது. உள்ளே இருக்கும் யாருக்காவது அந்தப் பணம் போகிறது என்றால் அது லஞ்சம். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் நீங்கள் அதில் சேர வேண்டாம்.

சரி, தேர்வுக்கு வருவோம். 1965-இல் யோஹன் கால்டுங், மாரி ரூகே என்ற இரு ஆய்வாளர்கள், நான்கு நார்வே நாளிதழ்கள் வெளிநாட்டு நெருக்கடிகளை எப்படி வெளியிட்டன என்று பார்த்து, ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் 12 தன்மைகளைச் சொன்னார்கள். எதிர்பாராதது, அளவில் பெரியது, வாசகருக்கு நெருக்கமானது, ஒரு மனிதரை மையமாகக் கொண்டது ஆகியவை அவற்றில் சில. ஆண்டு விழா வருடா வருடம் வருவது. அதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. உங்கள் குறிப்பில் சிறப்பு விருந்தினரின் பெயர் முதல் வரியிலும் பிள்ளைகள் கடைசி வரியிலும் இருந்திருந்தால், நான்கு வரி வந்ததே அதிகம்.

வாசகர் விருப்பம் வேறு கதை. ஏழு நாடுகளின் 20 செய்தித் தளங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஆசிரியர்கள் அரசியலையும் பொது விவகாரங்களையும் மேலே வைக்க, வாசகர்கள் விளையாட்டு, குற்றம், பொழுதுபோக்கு ஆகியவற்றை அதிகம் படித்தார்கள். தேர்தல் நேரத்தில் இந்த இடைவெளி குறைந்தது. ஆனால் படிப்பது ஒன்று, பிறருக்கு அனுப்புவது இன்னொன்று. நியூயார்க் டைம்ஸில் வந்த ஏறக்குறைய 7,000 கட்டுரைகளை ஆராய்ந்தபோது, வியப்பையோ கோபத்தையோ கிளப்பியவையே அதிகம் பகிரப்பட்டன. சோகமானவை குறைவாகவே போயின. ஆகவே இரக்கம் தேடி எழுதாதீர்கள். கிளிக் கணக்கை மட்டும் வைத்து 'வாசகருக்கு இதுதான் பிடிக்கும்' என்று நிர்வாகங்கள் முடிவுகட்டுவது எனக்கு ஆறாத கோபம். லண்டனின் தி டைம்ஸ் 1966 மே 3 அன்றுதான் முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரங்களை நீக்கிச் செய்தி போடத் தொடங்கியது. இன்று பல பத்திரிகைகள் அந்த இடத்தை மறுபடி விளம்பரத்துக்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தில் செய்தியைத் திணிக்கின்றன.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் பக்கத்தின் அடிப்பகுதியில் பல நாளிதழ்கள் ஒரு மனிதக் கதையைப் போடும். ஆங்கர் என்போம். லீட் போல அது அன்றே பழசாகிவிடாது. நான்கு நாள் காத்திருந்தும் வரலாம். அதனால்தான் சாதாரண மனிதர்கள் அங்கே நுழைய முடிகிறது. ஆனால் அமைப்பைப் பற்றியதாக இருந்தால் எடுக்கமாட்டார்கள், ஒரு பிள்ளையைப் பற்றியதாக இருக்க வேண்டும். இதுவரை வேறெங்கும் வந்திருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை செய்ததில் 'அட' என்று சொல்லவைக்கும் ஒன்று இருக்க வேண்டும். படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். அது இல்லாமல் கடைசி நேரத்தில் கழற்றப்பட்ட கதைகளைப் பார்த்திருக்கிறேன். அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் விடுமுறை நாளில் செய்தி வறண்டிருக்கும், மறுநாள் பக்கத்துக்கு மேசையில் கதை தேடுவார்கள். உங்கள் கதை அதற்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேரட்டும்.

ஆசிரியருக்கு எழுதாமல், கல்விச் செய்தி எழுதும் நிருபரின் பெயரைப் பத்திரிகையிலேயே பார்த்து அவருக்கு அனுப்புங்கள். முற்பகலில் கூப்பிடுங்கள், மாலையில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். பத்து வரி போதும், முதல் வரியில் அந்தப் பிள்ளை இருக்கட்டும். ஆண்டு விழா அழைப்பிதழை அதோடு இணைக்காதீர்கள்.