கொல்லை நீச்சல்குளத்தில் இரண்டு வருட இலை: வடிக்காமல் எடுக்க முடியுமா?

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டின் கொல்லையில் 24க்கு 12 அடியில் ஒரு நீச்சல்குளம். ஒரு பக்கம் ஆழம் மூன்றரை அடி, மறுபக்கம் ஐந்தடி. இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. வேப்பிலையும் புன்னை இலையும் தென்னங்குரும்பையும் விழுந்து ஊறி, தண்ணீர் கீரைக் கடைசல் மாதிரி ஆகிவிட்டது. கொசு மருந்து அடிக்க வந்த பணியாளர் கொசுப் புழுவைத் தின்ன நாலு மீன் குஞ்சை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மோட்டார் ஓடுகிறது, ஆனால் அடியில் படிந்ததை உறிஞ்சுகிற வேக்குவம் போட்டால் இழுத்த அழுக்கெல்லாம் எதிர்ச் சுவர்க் குழாய் வழியாகத் திரும்பக் குளத்துக்கே வருகிறதாம். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "முழுசா வடிச்சு, ஆசிட் வாஷ் அடிச்சு, ஃபில்டர் மணலை மாத்தி, லாரித் தண்ணி நிரப்பித் தர்றேன், 85,000 ரூபாய்" என்றிருக்கிறார். தை மாதம் அண்ணன் வருவதற்குள் முடியவேண்டும், வடிக்கலாமா என்பதுதான் கேள்வி.

வடிக்காதீர்கள். இந்த ஐப்பசி மழையில் வடிக்கவே வடிக்காதீர்கள். அந்த 85,000 ரூபாயைக் கூட விடுங்கள், குளமே போய்விடும்.

உங்கள் வீட்டுக் கிணற்றில் இப்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். டெல்டாவில் அடைமழை நேரத்தில் இரண்டடி மூன்றடியில் தண்ணீர் நிற்பது புதிதில்லை. அதே தண்ணீர்தான் உங்கள் குளத்தைச் சுற்றியும் அடியிலும் மண்ணுக்குள் நிற்கிறது, மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உங்கள் குளம் சுமார் 35,000 லிட்டர் பிடிக்கும், அதாவது 35 டன். அந்த 35 டன்தான் தரையை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால், வெளித் தண்ணீர் குளத்தின் அடியைவிட ஓரடி உயரத்தில் இருந்தாலே ஒவ்வொரு சதுர அடித் தரையையும் 28 கிலோ மேலே தள்ளும். இரண்டரை அடி என்றால் 70 கிலோ, சதுர அடிக்கு ஓர் ஆள் கீழிருந்து முட்டுவது போல. கார்த்திகை மாதம் ஆற்றங்கரையோரத்து வீடு ஒன்றில் இப்படி வடித்துவிட்டு ராத்திரி படுத்தார்கள். விடியற்காலையில் டைல்ஸ் பட் பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால் ஆழப் பக்கத்துத் தரை நடுவில் அரையடி உப்பிக்கொண்டு நிற்கிறது, விரிசலில் ஊற்று கொப்பளிக்கிறது. என்னை அழைத்தபோது நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. வடித்துக் கொடுத்தவரின் போன் அணைந்திருந்தது.

வடிக்கவே கூடாதா என்றால், வடிக்கலாம், அதற்கு ஒரு காலம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில், அதாவது மேட்டூர் வழக்கமாக மூடுகிற ஜனவரி 28க்கும் திறக்கிற ஜூன் 12க்கும் நடுவில், கோடை முற்றிய நாளில் வடிக்கலாம். அதையும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, கிணற்றைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, தரை மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். குளம் ஐந்தடி ஆழம், கீழே கான்கிரீட் ஓரடி என்று வைத்தால், கிணற்றுத் தண்ணீர் ஏழெட்டு அடிக்குக் கீழே போயிருக்கவேண்டும். போர்வெல்லில் 60 அடியில்தான் தண்ணீர் என்று சிலர் சொல்வார்கள், அது கீழ்த் தண்ணீர், நமக்குக் கணக்கு மேல் ஊற்று. கிணறே இல்லையென்றால் குளத்தின் ஓரமாக ஏழெட்டு அடிக்கு ஒரு துளை போட்டு, ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வயலில் தண்ணீர் கட்டியிருந்தால் கோடையாக இருந்தாலும் வேண்டாம். "அடியில பிரஷர் வால்வு இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பேச்சு வரும். கீழிருந்து முட்டும் தண்ணீரைக் குளத்துக்குள் விட்டு அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு அது. இருக்கலாம், ஆனால் இரண்டு வருட வண்டல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அது திறக்கும் என்று நம்பிக் குளத்தைப் பணயம் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சரி, வேக்குவத்துக்கு வருவோம். அழுக்கு திரும்பி வருவதற்கு மணல் கெட்டுப்போனது காரணமாக இருக்கவேண்டியதில்லை. மணல் ஃபில்டர் 20, 30 மைக்ரான் வரை பிடிக்கும், நம் காவிரிக் களிமண் துகளோ இரண்டு மைக்ரானுக்கும் கீழே. மணலைப் புதிதாக மாற்றினாலும் அது புகுந்து வரத்தான் செய்யும். கோளாறு வால்வில். மோட்டார் அறையில் ஃபில்டர் தொட்டியின் மேலேயோ பக்கத்திலேயோ ஒரு கைப்பிடி வைத்த மல்டிபோர்ட் வால்வு இருக்கும், அதில் ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட் என்று எழுதியிருக்கும். நீங்கள் ஃபில்டரில் வைத்து இழுத்திருக்கிறீர்கள். வேஸ்டில் வையுங்கள். இழுத்த தண்ணீர் மணல் பக்கமே போகாமல் நேராக வெளியே போய்விடும். கைப்பிடியைத் திருப்பும்போது மட்டும் மோட்டார் கட்டாயம் அணைந்திருக்கவேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் பிய்ந்துவிடும், அப்புறம் எந்த நிலையில் வைத்தாலும் ஒழுகும்.

இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும். குளம் கட்டிக் கொடுத்தவர் கிரகப்பிரவேசத்தன்று மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார், எந்த வால்வு எதற்கு என்று ஒரு தாளில் எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவதில்லை. கேட்பதற்கும் ஆளில்லை. யார் வேண்டுமானாலும் நாளைக்கே போர்டு மாட்டிக்கொண்டு குளம் பராமரிக்கக் கிளம்பலாம். செப்டிக் டேங்க் எடுக்கிற ஆட்களை அனுப்பிவிட்டு நடுவில் ஒருவர் கமிஷன் பார்க்கிறார். கொசுப் புழு இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள், அபராதம் போடுவோம் என்கிறார்கள், எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்வதற்கு அந்த ஏற்பாட்டில் ஒருவரும் இல்லை.

வேஸ்டில் வைப்பதற்கு முன் அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் அதை செப்டிக் டேங்கில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். மணிக்கு 12,000 லிட்டர் இழுக்கிற மோட்டார் பத்தே நிமிஷத்தில் 2,000 லிட்டரைத் தள்ளும், டேங்க் பொங்கி வழியும். தென்னைக்கும் வாழைக்கும் திருப்பி விடுங்கள். குளோரின் போடாத இந்தப் பச்சைத் தண்ணீர் மரத்துக்கு நல்லதுதான், அதனால்தான் குளோரினைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன். வாய்க்காலிலோ பக்கத்து நாற்றங்காலிலோ விட்டுவிடாதீர்கள்.

முழு இலையை வேக்குவத்தில் இழுக்க முயலாதீர்கள், ஹோஸ் அடைத்துக்கொள்ளும். நீளக் கம்பால் அடியைத் தட்டிப் பாருங்கள், டக்கென்றால் தரை, தொப்பென்றால் இலை மெத்தை. இலைக்கென்று பை மாதிரி ஆழமான வலை விற்கிறது. கிடைக்கவில்லையென்றால் கம்பியைச் செவ்வகமாக வளைத்துப் பழைய கொசுவலையைப் பை போலத் தைத்து மூங்கிலில் கட்டிக்கொள்ளுங்கள், நன்றாகவே வேலை செய்யும். ஆழப் பக்கத்திலிருந்து மெதுவாக வாரி, கரையில் சாய்த்துக் கொட்டுங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சுவரோரத்து ஸ்கிம்மரின் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கிற பெட்டி) மூடியைத் திறக்கும்போது ஒரு குச்சியால் நெம்பித் தள்ளி நின்று பாருங்கள். தவளை கிடக்கும், தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஸ்கிம்மர் கூடையில் சுருண்டு கிடந்ததை இலைக்காம்பு என்று நினைத்துத் தொடப் போன பையனை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன், அது விரியன்.

இலை போனதும் படிகாரம். ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம், உங்கள் குளத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ. பொடித்து வாளித் தண்ணீரில் கரைத்து, பரவலாகத் தெளித்து, வால்வை ரீசர்குலேட்டில் (தண்ணீர் மணலுக்குள் போகாமல் குளத்துக்கே திரும்பும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். ஃபில்டரில் வைத்து ஓட்டினால் மணல் கட்டிப்போகும். தண்ணீர் அசையாமல் ஒரு ராத்திரி நிற்கட்டும். காலையில் அடியில் சாம்பல் பச்சையில் பஞ்சு மாதிரி படிந்திருக்கும், ஊதினால் பறக்கிற மாதிரி. அதை எடுக்கத்தான் வேக்குவம்.

தொடங்கும் முன் குளத்தை விளிம்பு வரை நிரப்பிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் குளத்தின் பரப்புக்குப் பத்து நிமிஷ வேக்குவத்தில் மூன்று அங்குலம் இறங்கிவிடும். போர் குழாயைத் திறந்தே வையுங்கள், அதன் வாய் அடியில் படிந்ததைக் கலக்காதபடி ஒரு சாக்கின் மேல் விழட்டும். வேக்குவம் தலையைக் கம்பில் மாட்டி, ஹோஸை இணைத்து, மெதுவாக உள்ளே இறக்கி, ஹோஸின் மறுமுனை வழியாகத் தண்ணீர் ஊற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள், குமிழி வருவது நிற்கவேண்டும். அப்புறம் அந்த முனையைச் சுவரில் இருக்கும் வேக்குவம் பாயின்ட்டில் செருகி, மோட்டார் அறையில் வேக்குவம் வால்வை மட்டும் திறந்து, ஸ்கிம்மர், குளத்தின் அடியில் இருக்கும் மெயின் டிரெயின் இரண்டின் வால்வையும் மூடுங்கள். ஸ்கிம்மர் கொஞ்சம் திறந்திருந்தாலும் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் காற்று வாங்கும். பிறகு வேஸ்டில் வைத்து மோட்டாரைப் போடுங்கள்.

நகர்த்துவதில்தான் எல்லாமே இருக்கிறது. கோலம் போட வாசல் தெளித்துக் கூட்டுகிற வேகம் இங்கே ஆகாது. ஓரடி நகர்த்த மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், போன தடத்தின் மேல் பாதி ஏறும்படி அடுத்த தடம். தண்ணீருக்குள் புகை மாதிரி கலங்கல் கிளம்பினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்தி, ஒன்றிரண்டு மணி நேரம் படியவிட்டு மறுபடி தொடங்குங்கள். இழுப்பு குறைந்தால் மோட்டாரை அணைத்து அதன் முன்கூடையைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், பெரும்பாலும் வேப்பங்காம்பு அடைத்திருக்கும். ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று நிற்காதீர்கள். இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபது முப்பது நிமிஷம் போதும். மோட்டார் ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, மழை ஈரத்தில் மோட்டார் அறை சுவிட்சைத் தொடுமுன் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கர் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடி தெரிய ஆரம்பித்ததும் வால்வை ஃபில்டருக்கு மாற்றி, ஒரு சாயங்காலம் பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோவுக்குச் சற்று மேலாக எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். நீச்சல்குளக் குளோரின் என்று லேபிள் இல்லாத வெள்ளைச் சாக்கில் கட்டி விற்கிறார்கள். அதில் இருப்பது டிசிசிஏ (TCCA) என்ற, பிளீச்சிங் பவுடர் அல்லாத வேறு குளோரின் மருந்தாக இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷ வாயு. லேபிள் இல்லாத எதையும் வாங்காதீர்கள், பழைய வாளியில் மிச்சம் ஒட்டியிருந்தால் அந்த வாளியையே தொடாதீர்கள்.

அந்த மீன் குஞ்சுகளை மறந்துவிடாதீர்கள். குளோரின் போடுவதற்கு முன் உங்கள் கொசுவலைப் பையாலேயே பிடித்து, வாளியில் வைத்து, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாய்க்காலிலோ ஊர்க் குளத்திலோ விட்டால் நம் ஊர் மீன் குஞ்சுகளையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.