வேகத்தடை ஏறினால் மேப் மறைகிறதே! – கார் கேள்வி பதில்

இந்த இதழில், போனின் மேப்பையும் பாட்டையும் காரின் திரையில் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஆண்ட்ராய்டு போனுக்கு), ஆப்பிள் கார்பிளே (ஐபோனுக்கு), காரின் டிஸ்பிளே பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆண்ட்ராய்டு ஆட்டோ கட்டாகிவிடுகிறது. சில விநாடி கழித்துத் தானாகவே திரும்ப வருகிறது. டிஸ்பிளே யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். மாற்றலாமா? – ஈரோடு வாசகர்

அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குலுங்கும்போது மட்டும் இணைப்பு போகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பிளக் உட்காரும் இடத்தில்தான் இருக்கும்.

முதலில் போனின் சார்ஜிங் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பேன்ட் பாக்கெட்டில் இருக்கும் பஞ்சு அதற்குள் போய், ஒவ்வொரு முறை பிளக் சொருகும்போதும் அழுந்தி, அடியில் தட்டையாகப் படிந்துவிடும். அதன்பின் பிளக் முழுதாக உள்ளே போகாது. கேபிளைச் சொருகிவிட்டு, பிளக்குக்கும் போனுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். லேசாக இழுத்தாலே கழன்று வந்தால் சந்தேகமே வேண்டாம். போனை ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குத்தியால் ஓரமாக நெம்பி எடுங்கள். டைப்-சி துளையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கைத் தொடக் கூடாது. ஊசி, சேஃப்டி பின் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து கேபிள். காரில் சொருகும் சதுர வாய் யூஎஸ்பி பிளக்கில் நான்கு தொடுமுனைகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. தகவல் கம்பி ஒரு நொடி விட்டுப்போனாலும் சார்ஜிங்கில் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் டிஸ்பிளேயில் ஓடுவது போன் அனுப்பும் வீடியோ. அது அறுந்தால் காரும் போனும் மறுபடி ஒன்றையொன்று அடையாளம் கண்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் சொல்லும் அந்தச் சில விநாடி இதற்குத்தான் போகிறது. கேபிள் 3 அடிக்குள் இருக்கட்டும், ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் கருவி), எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. பின் சீட் வரை நீளும் கேபிளை முன்னால் சுருட்டி வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போனும் கேபிளும் சரி என்றால், வேறொரு போனை நல்ல கேபிளில் இணைத்து அதே வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் கட்டானால் காரின் யூஎஸ்பி சாக்கெட் தளர்ந்திருக்கிறது. பல கார்களில் இந்த சாக்கெட் டிஸ்பிளேயோடு ஒட்டியது அல்ல. தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சின்ன பாகம். பின்னாலிருந்து ஒரு கேபிள் வழியாக யூனிட்டுக்குப் போகும். அதையும் அந்தக் கேபிளின் கப்ளரையும் (முனையில் இருக்கும் இணைப்பு) பார்த்த பிறகுதான் யூனிட் பேச்சே வர வேண்டும். எடுத்த எடுப்பில் யூனிட்டை மாற்றச் சொன்னால், என்ன சோதித்தீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புது கேபிள்தான். சார்ஜ் ஏறுகிறது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. – நாகர்கோவில் வாசகர்

காரில் இருக்கும் எல்லா யூஎஸ்பி துளைகளும் ஒன்றல்ல. பின் சீட்டுக்காரர்களுக்கு இருப்பது அநேகமாகச் சார்ஜிங்குக்கு மட்டும். முன்னால் இரண்டு இருந்தாலும் பல கார்களில் ஒன்றில்தான் தகவல் போகும். பேட்டரி அல்லது மின்னல் படம் மட்டும் போட்டிருந்தால் அது சார்ஜிங் துளை; மூன்று கிளையாகப் பிரியும் யூஎஸ்பி சின்னமோ போன் படமோ இருக்கும் துளையில் சொருகுங்கள்.

துளை சரியென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். புதிது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. விலை மலிந்த சில கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. கம்ப்யூட்டரில் சொருகுங்கள், போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் தேர்வே தலைகாட்டவில்லை என்றால் அந்தக் கேபிளை வீட்டில் சார்ஜருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? முதல் இணைப்பின்போது போன் கேட்ட அனுமதியை யாரோ மறுத்திருக்கலாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று தேடித் திறந்து, முன்பு இணைத்த கார்களின் பட்டியலை அழியுங்கள். காரின் டிஸ்பிளேயிலும் உங்கள் போனை நீக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய குழப்பம் அப்படியே நிற்கும். பிறகு வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, போனின் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இணையுங்கள். லாக் போட்ட போனில் அனுமதிக் கேள்வி திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கும்; நீங்கள் காரின் டிஸ்பிளேயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐபோனில் குரல் உதவியாளரான சிரி ஆஃபில் இருந்தால் கார்பிளே வேலை செய்யாது. சிரியைப் பிடிக்காமல் அணைத்து வைத்திருப்பவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கிரீன் டைம் கட்டுப்பாடுகளில் கார்பிளே தடை செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

என் கார் 2018 மாடல். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் புதுத் தோற்றம் வர கார் கம்பெனி அப்டேட் தர வேண்டுமா? – கும்பகோணம் வாசகர்

வேண்டாம். கணக்குப் போடுவது, மேப் வரைவது, பாட்டு எடுப்பது எல்லாம் போன். காரின் டிஸ்பிளே படத்தைக் காட்டி, உங்கள் விரல் பட்ட இடத்தைப் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். 2023 தொடக்கத்தில் வந்த, மேப்பும் பாட்டும் அருகருகே தெரியும் புதுத் தோற்றம் பழைய கார்களிலும் வந்தது இப்படித்தான். போனில் ஆப்பை அப்டேட் செய்யுங்கள், போதும்.

என் காரில் கேபிள் இணைப்பு மட்டும்தான். யூஎஸ்பி துளையில் சொருகி வயர்லெஸ் ஆக்கும் டாங்கிள் என்ற சின்னக் கருவி வாங்கலாமா? – கோவை வாசகர்

வாங்கலாம், ஆனால் மூன்று விஷயம் தெரிந்து வாங்குங்கள்.

கேபிளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே ஓடும் காரில்தான் டாங்கிள் வேலை செய்யும். இல்லாத வசதியை அது உண்டாக்காது. காருக்கு அது கேபிளில் இணைந்த போன் மாதிரி நடிக்கிறது. உங்கள் போனோடு வைஃபையில் பேசுகிறது. புளூடூத் முக்கியமாக இணைப்பைத் தொடங்கி வைக்க. படமும் பாட்டும் போவது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். அதனால் போனில் அந்த வைஃபை வசதி வேண்டும், ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சில டாங்கிள்கள் ஆண்ட்ராய்டுக்கு மட்டும், சில ஐபோனுக்கு மட்டும். வீட்டில் இரண்டும் இருந்தால் இரண்டையும் ஏற்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கேபிள் அளவுக்குச் சட்டென்று வராது. பாட்டை மாற்றினால் ஒரு கணம் தாமதம் தெரியும். இதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. சில கார்களில் இக்னிஷனை அணைத்த பிறகும் யூஎஸ்பி துளைக்குச் சிறிது நேரம் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். டாங்கிள் உயிரோடு இருக்கும். வாசலில் நிற்கும் கார் வீட்டுக்குள் இருக்கும் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் சத்தம் காருக்குள் போகும். காரைப் பூட்டி, டாங்கிள் விளக்கு எப்போது அணைகிறது என்று வாங்கிய அன்றே பாருங்கள்.

நேற்றுவரை ஓடிய வயர்லெஸ் இன்று அடம்பிடித்தால், போனில் விபிஎன் அல்லது விளம்பரம் தடுக்கும் ஆப் புதிதாகப் போட்டீர்களா என்று யோசியுங்கள். சில ஆப்கள் காருக்கும் போனுக்கும் இடையிலான உள் இணைப்பையும் சேர்த்து அடைத்துவிடும்.

வயர்லெஸ் சார்ஜரில் வைத்து, வயர்லெஸ் கார்பிளேயில் மேப் போட்டால் போன் கொதிக்கிறது. சார்ஜும் ஏறவில்லை. போன் பழுதா? – வேலூர் வாசகர்

வேலூர் வெயிலில் அது இயல்பு. சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது ஐபோனுக்கு ஆப்பிள் வைத்த வரம்பு. வெயிலில் நின்ற கார் அதைச் சுலபமாகத் தாண்டும். அதோடு ஜிபிஎஸ், மொபைல் டேட்டா, வைஃபை மூன்றும் ஓடுகின்றன. வயர்லெஸ் சார்ஜிங்கில் மின்சாரத்தின் ஒரு பகுதி வீணாகி வெப்பமாகவே போகிறது. சூடு எல்லை தாண்டியதும், பேட்டரியைக் காப்பாற்ற போன் சார்ஜிங்கை நிறுத்திக்கொள்கிறது. பழுதல்ல, பாதுகாப்பு.

இரண்டு வயர்லெஸ்ஸையும் ஒன்றாக ஓட்டாதீர்கள். வேலூரிலிருந்து சென்னைப் பயணம் என்றால் கேபிள் போடுங்கள். சூடு கணிசமாகக் குறையும். தடிமனான கவரைக் கழற்றுங்கள். கவருக்குள் மெட்ரோ கார்டு, ஏடிஎம் கார்டு செருகி வைத்திருந்தால் சார்ஜரில் வைக்கும் முன் கட்டாயம் எடுத்துவிடுங்கள்; கார்டே கெட்டுப்போகலாம். போகும் பகுதியின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொண்டால் சிக்னல் தேடும் உழைப்பும் மிச்சம்.

பாட்டு கணீரென்று கேட்கிறது, வழி சொல்லும் குரல் முணுமுணுக்கிறது. வால்யூமைக் கூட்டினால் பாட்டுதான் அலறுகிறது. – மதுரை வாசகர்

பாட்டு, வழிகாட்டும் குரல், போன் பேச்சு மூன்றுக்கும் கார் தனித்தனி வால்யூம் வைத்திருக்கிறது. எந்தச் சத்தம் ஓடும்போது குமிழைத் திருப்புகிறீர்களோ, அதுதான் மாறும். ஆகவே 'இடதுபுறம் திரும்பவும்' என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் திருப்புங்கள். கிளம்பும் முன் கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் செட்டிங்ஸில் சோதனைக் குரலை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே செய்துவிடலாம். அதே இடத்தில் குரலைத் தமிழுக்கும் மாற்றலாம்.

ஓட்டும்போது யூடியூப் தெரிய வைக்க ஒரு ஆப் இருக்கிறதாமே? – தஞ்சாவூர் வாசகர்

இருக்கலாம். வழி சொல்ல மாட்டோம். ஓடும் வண்டியில் ஓட்டுநர் கண்ணெதிரே வீடியோ ஓடக் கூடாது என்பதற்காகவே அது அடைக்கப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டுவதன் கீழ் வருகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. 2020 அக்டோபர் முதல் விதியில் சேர்ந்த சலுகை வழி பார்ப்பதற்கு மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாத வகையில்.

வெளிக் கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் நேரமும், இணைத்த போனும் மறந்துபோகிறது. – திருநெல்வேலி வாசகர்

ஸ்டீரியோவின் மஞ்சள், சிவப்பு வயர்கள் பெரும்பாலும் இடம் மாறியிருக்கும். வெளிச்சந்தை ஸ்டீரியோக்களில் பொதுவாக மஞ்சள் பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் 12 வோல்ட் வர வேண்டிய வயர். நினைவகம் அதை நம்பித்தான் இருக்கிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயர். கறுப்பு எர்த். மல்டிமீட்டரில் பாருங்கள்: சாவி ஆஃபில் மஞ்சளில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், சிவப்பில் பூஜ்யம். உங்கள் காரில் இது அநேகமாகத் தலைகீழாக இருக்கும். மஞ்சள் வயரின் ஃபியூஸ் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியோடு சேர்த்துவிடும் கடைகள் உண்டு. நேரம் மறக்காதுதான், ஸ்டீரியோவும் ஒருபோதும் உறங்காது. வண்டியைச் சில நாள் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆகாது. உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள். கம்பெனி வயரை வெட்டினால் மின்சார பாகங்களுக்கான வாரண்டியில் பிரச்சினை வரும்.

'கூகுள் பில்ட்-இன்' என்பதும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஒன்றா? – புதுச்சேரி வாசகர்

இல்லை. முதலாவது காரிலேயே குடியிருக்கும் இயங்குதளம். போன் வீட்டில் இருந்தாலும் மேப் ஓடும், இணையத்துக்கு மட்டும் காருக்குத் தனி இணைப்பு வேண்டும். 2020-இல் போல்ஸ்டார் 2 இதோடு வந்தது, வால்வோ கார்களிலும் உண்டு. இரண்டாவது, போன் இல்லாவிட்டால் வெறும் ஐகான்.

காரை விற்கப் போகிறேன். டிஸ்பிளேயில் என்னென்ன அழிக்க வேண்டும்? – சேலம் வாசகர்

மேப்பும் மெசேஜும் போனோடு போய்விடும். ஆனால் புளூடூத் வழியாகக் காருக்கு ஏறிய தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், காரின் சொந்த நேவிகேஷனில் வீடு என்று சேமித்த முகவரி ஆகியவை டிஸ்பிளேயில் தங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். முடிந்ததும் போன்புக் பக்கத்தைத் திறந்து காலியா என்று பாருங்கள். கார் கம்பெனியின் ஆப் போனில் இருந்தால் இதைவிட முக்கியம் அது. சில மாடல்களில் அந்த ஆப்பிலிருந்தே காரின் கதவைத் திறக்கலாம், எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஆப்பை டெலிட் செய்தால் மட்டும் போதாது. கணக்கிலிருந்து காரை நீக்குங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள், பழைய உரிமையாளர் இதை நம் கண் முன்னால் செய்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.