வளையம் பெரிது, நொதி குறைவு: எங்கே கோளாறு?

கேள்வி: மட்கிய குப்பையிலிருந்து பேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறேன். காங்கோ ரெட் தட்டில் பெரிய வளையம் தருகிறது. ஆனால் திரவ ஊடகத்தில் 24 மணி நேரத்தில் செல்லுலோஸை வெட்டும் நொதியான செல்லுலேஸ் மில்லிலிட்டருக்கு 0.3 யூனிட்தான் கிடைக்கிறது. 48 மணி நேரத்தில் அதுவும் பாதியாகிவிடுகிறது. வடிதாள் சோதனையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வளர்ச்சியைக் கூட்ட 1% குளுக்கோஸ் சேர்த்தேன். கலங்கல் கூடியது, நொதி இன்னும் குறைந்தது. அடுத்து புள்ளியியல் முறையில் ஊடகத்தைச் சீர்செய்ய நினைக்கிறேன். எந்தக் காரணிகளிலிருந்து தொடங்கலாம்?

பதில்: புள்ளியியலைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். உங்கள் கடிதத்திலேயே நான்கு தடயங்கள் இருக்கின்றன. அவற்றைத் துப்புத் துலக்காமல் இருபது குடுவைகளைக் குலுக்கும் கருவியில் ஏற்றினால், தப்பான அளவுகோலை வைத்து மிக நேர்த்தியாக அளந்தவராவீர்கள்.

முதலில் அந்த வளையம். காங்கோ ரெட் சாயம் நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ளும். சங்கிலி துண்டான இடத்தில் உப்புக் கரைசலில் கழுவப்பட்டுப் போய்விடும். தட்டில் நீங்கள் ஊற்றியது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், அதாவது நீரில் கரையும்படி மாற்றப்பட்ட செல்லுலோஸ். அதை நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸ் ஒன்று இருந்தாலே வளையம் வந்துவிடும். வடிதாளோ படிகத்தன்மை கொண்ட செல்லுலோஸ். அதைச் சர்க்கரையாக்க, நடுவில் வெட்டுவது, முனையிலிருந்து உரிப்பது, கிடைக்கும் செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையை இரண்டாகப் பிளப்பது என மூன்று வேலைக்கும் ஆள் வேண்டும். பேசில்லஸ்களில் பெரும்பாலானவை முதல் வேலையில் கெட்டிக்காரர்கள், இரண்டாவதில் பலவீனம். ஆகவே வடிதாள் முடிவு உங்கள் பிழையல்ல, அந்த உயிரியின் இயல்பு. எந்த ஊடகத்தாலும் இல்லாத மரபணுவைக் கொடுக்க முடியாது. வைக்கோலைச் சர்க்கரையாக்குவதுதான் நோக்கம் என்றால் செல்லுலோமோனாஸ், தெர்மோபிஃபிடா போன்ற பாக்டீரியாக்களைத் தேடுங்கள். சலவைக்கான நொதிதான் வேண்டும் என்றால் கையில் இருப்பதே போதலாம். 1987-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சலவைத்தூள் ஒன்றில் இருந்தது காரநிலையில் வேலை செய்யும் பேசில்லஸ் செல்லுலேஸ்தான்.

அடுத்து அளவீடு. நீங்கள் எந்த பிஎச்சில் அளந்தீர்கள் என்று எழுதவில்லை. சிட்ரேட் தாங்கல் கரைசல் (பிஎச்சை நிலையாக வைப்பது), பிஎச் 4.8, 50 டிகிரி செல்சியஸ் என்றால் கதை பாதி விளங்கிவிடும். அது 1987-ல் கோஸ் என்ற ஆய்வாளர் தொகுத்த நியம முறை; டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகளின் நொதிக்கு ஏற்றது. பேசில்லஸ் நொதிகள் பல பிஎச் 6 முதல் 8 வரை சுறுசுறுப்பாக இருப்பவை. சில அதற்கும் மேலே. அதே வடிநீரை (செல்களை நீக்கிய வளர்ப்பு நீரை) பிஎச் 5, 6, 7, 8, 9 என ஐந்து குழாய்களில் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலை. 0.3 என்பது ஒரு குடுவையைக்கூடத் தொடாமல் உயர்ந்தால் வியப்பில்லை.

நொதி விடுவிக்கும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறை செல்லுலோஸைக் கண்டு நிறம் மாறுவதில்லை; ஒடுக்கும் சர்க்கரை எது இருந்தாலும் மாறும். குளுக்கோஸ் சேர்த்த ஊடகத்தின் வடிநீரில் மிச்சச் சர்க்கரை இருக்கும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக நொதி வெற்றுக்குழாய், அதாவது கழித்துக்கொள்வதற்கான ஒப்பீட்டுக் குழாய் வேண்டும்: டி.என்.எஸ். கரைசலை முதலில் ஊற்றி நொதியை முடக்கிவிட்டு, பிறகு வடிநீரைச் சேர்ப்பது. எல்லா மாதிரிக்கும் பொதுவாக ஒரே வெற்றுக்குழாய் வைத்துக் கணக்குப் போட்ட ஆய்வேடுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த எண்களை நம்புவதில்லை. இன்னொன்று, மிகக் குறைந்த சர்க்கரையில் டி.என்.எஸ். நேர்கோட்டில் நடக்காது. உங்கள் வாசிப்பு, தெரிந்த அளவு சர்க்கரையை வைத்து வரைந்த நியமக் கோட்டின் அடிவாரத்தில் விழுந்தால் நொதியைக் கூட்டியோ நேரத்தை நீட்டியோ நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

இனி குளுக்கோஸ். நீங்கள் கண்டது பாடநூல் நிகழ்வு. எளிதில் கரையும் சர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கடினமான செல்லுலோஸை வெட்டும் கத்தியைச் செய்வதற்குப் பாக்டீரியா செலவழிக்காது. பேசில்லஸில் சிசிபிஏ என்ற புரதம், சர்க்கரை வளம் இருக்கும்போது இத்தகைய மரபணுக்களின் அருகே டி.என்.ஏ.வில் அமர்ந்து அவற்றை அடக்கிவைக்கும். கலங்கல் கூடினால் நொதியும் கூடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. பூஞ்சை உலகிலும் இதே தடைதான். புகழ்பெற்ற ரட்-சி30 என்ற டிரைக்கோடெர்மா வகை அவ்வளவு நொதி சுரப்பதற்கு ஒரு காரணம், அதில் இந்த அடக்குமுறை மரபணு சிதைந்திருப்பது.

குளுக்கோஸை நிறுத்திவிட்டுக் கோதுமைத் தவிட்டுக்கு மாறலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஒரு பொறியோடு. தவிட்டில் மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் நொதியைப் பேசில்லஸ் தாராளமாகச் சுரக்கும். நீங்கள் முன்வாசலில் தடுத்த சர்க்கரை பின்வாசல் வழியாக வந்துவிடும், டி.என்.எஸ். வாசிப்பையும் குழப்பும். தவிட்டை வெந்நீரில் பலமுறை அலசி, அயோடின் நீலம் காட்டாத நிலை வரும்வரை கழுவிப் பயன்படுத்துங்கள். திடப்பொருள் ஊடகத்தில் நொதியின் ஒரு பகுதி நாரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். வண்டலைத் தாங்கல் கரைசலில் ஒருமுறை கழுவி, அந்த நீரையும் அளந்து கூட்டுங்கள்.

48 மணி நேரச் சரிவு எனக்கு மிகவும் பிடித்த தடயம். வளர்ச்சி நின்றதும் பேசில்லஸ் புரோட்டியேஸ்களை, அதாவது புரதத்தை வெட்டும் நொதிகளை, வெளியே கொட்டும். அவை உங்கள் செல்லுலேஸையும் தின்னும். சோதிப்பது எளிது. 24 மணி நேர வடிநீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் செரின் வகைப் புரோட்டியேஸ்களை முடக்கும் பி.எம்.எஸ்.எஃப். என்ற மருந்தை 1 மில்லிமோலார் அளவில் சேருங்கள். இரண்டையும் வளர்ப்பு வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இந்த மருந்து நீரில் விரைவில் சிதையும், நச்சும்கூட. கையுறையோடு, ஆல்கஹாலில் அப்போதே கரைத்துச் சேருங்கள். மருந்து சேர்த்த பாதி தாக்குப்பிடித்து மற்றது சரிந்தால் செரின் வகைப் புரோட்டியேஸ்தான் திருடன். மருந்து போட்டும் சரிந்தால் உலோகம் சார்ந்த புரோட்டியேஸாகவோ, நொதியின் சொந்த நிலையின்மையாகவோ இருக்கலாம். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ., உலோகம் சார்ந்த வகையை அடக்கும். ஆனால் சில செல்லுலேஸ்களைத் தாங்கிப்பிடிக்கும் கால்சியத்தையும் பறித்துவிடும் என்பதால் முடிவை எச்சரிக்கையோடு படியுங்கள். கூடவே 24, 48 மணி நேரங்களில் குடுவையின் பிஎச்சைக் குறித்துவையுங்கள். புரதச் சிதைவுப் பொருளான பெப்டோன் மிகுந்தால் அம்மோனியா வெளிப்பட்டு பிஎச் ஏறும். அம்மோனியம் சல்பேட் தந்தால் இறங்கும். நைட்ரஜன் மூலத்தின் பலன் என்று நாம் எழுதுவது பல நேரம் இந்த பிஎச் நகர்வின் பலன்தான்.

இவை தீர்ந்த பிறகு புள்ளியியல். ஆனால் அதற்குமுன் ஒரே ஊடகத்தில் ஐந்து குடுவைகள் வளர்த்து, அவை தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று பாருங்கள். பழைய வளர்ப்பிலிருந்து விதைத்தால் பேசில்லஸின் வித்துகள் (உறங்குநிலைச் செல்கள்) முளைக்கும் நேரம் குடுவைக்குக் குடுவை வேறுபடும். வேகமாகப் பெருகும் கட்டத்திலுள்ள இளம் வளர்ப்பையே விதையுங்கள். 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், காற்று போதாது.

பிறகு பிளாக்கெட்–பர்மன் என்ற சோதனைத் திட்டம்: 12 குடுவைகளில் 11 காரணிகள் வரை சலிக்கலாம். அது தனித்தனி விளைவுகளையே காட்டும், காரணிகளின் கூட்டுவிளைவைக் காட்டாது. அதில் தேறும் இரண்டு மூன்றை மட்டும், உகந்த அளவைத் தேட உதவும் பாக்ஸ்–பென்கன் திட்டத்துக்கோ மையக் கூட்டுத் திட்டத்துக்கோ கொண்டுபோங்கள். மூன்று காரணிகளுக்கு முதலாவது 15 குடுவைகளிலும் இரண்டாவது 20 குடுவைகளிலும் முடியும். உச்சம் நீங்கள் வகுத்த எல்லையின் ஓரத்தில் வந்தால் அது உச்சமல்ல. மலை இன்னும் அந்தப் பக்கம் ஏறுகிறது. சமன்பாடு தரவுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் 0.99-ஐப் பார்த்து மகிழாதீர்கள். அது சொன்ன கலவையை மூன்று குடுவைகளில் வளர்த்து எண் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நொதி வேலை செய்ய உகந்த வெப்பநிலை வேறு, பாக்டீரியா அதைச் சுரக்க உகந்த வெப்பநிலை வேறு. சோதனையில் 55 டிகிரி நன்றாக இருக்கிறது என்பதற்காக வளர்ப்பையும் 55-ல் வைக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பாக, இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சத்துமிக்க ஊடகத்தில் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் இத்தகைய பாக்டீரியாக்கள் சுரக்கும் திறனை இழப்பதுண்டு. 20% கிளிசராலில் பத்துக் குப்பிகள் தயாரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைத் தொகுப்பையும் புதிய குப்பி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.