திண்ணைப் பெட்டியில் ஒரு குஞ்சு, கூட்டில் ஒன்பது

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர்க்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது. இப்போது நான்கு கிழமை. போன கிழமை விடாமல் மழை பெய்த பிறகு ஒரு குஞ்சு செத்துவிட்டது. இன்னொன்று சிறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, கூனிக்கொண்டு நிற்கிறது. எச்சத்தோடு இரத்தம் போகிறது. அதைத் திண்ணையில் மட்டைப்பெட்டிக்குள் கடதாசி விரித்து வைத்திருக்கிறேன். உள்ளி அரைத்த தண்ணீரும் கஞ்சியும் வாயைத் திறந்து பருக்குகிறேன். கடையில் ஒரு மஞ்சள் தூள் தந்தார்கள். மூன்று நாளாகக் குறையவில்லை. சின்ன மகள் பெட்டியை விட்டு எழும்புகிறாளில்லை. எந்த மருந்து கொடுத்தால் தப்பும்?
— கோப்பாய் வாசகி

பதில்:

தங்கச்சி, வாயைத் திறந்து ஊற்றுவதை இதைப் படித்தவுடன் நிறுத்துங்கள். குஞ்சின் நாக்குக்குப் பின்னால் உடனேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. சோர்ந்த குஞ்சு அதைச் சரியாக மூடாது. நீங்கள் ஊற்றும் கஞ்சி நெஞ்சுக்குள் போய்விடும். இரவில் குஞ்சு செத்தால் நோய் கொண்டுபோனது என்று நினைப்பீர்கள். சொண்டின் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுங்கள், அல்லது சொண்டின் ஓரத்தில் ஒரு துளி விடுங்கள். அது தானே விழுங்கிய பிறகுதான் அடுத்த துளி.

கஞ்சியைப் பற்றி யோசிக்க முன்னர் சூட்டைப் பாருங்கள். கோழியின் உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டும். இரத்தம் இழந்த குஞ்சால் அந்தச் சூட்டைத் தனியே பிடித்துவைக்க முடியாது, குளிர்ந்துபோன குஞ்சுக்குத் தீன் செமிக்கவும் மாட்டாது. பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. குமிழுக்குக் கீழே 30 பாகை அளவு போதும். மற்ற மூலை குளிராகவே இருக்கட்டும். சூடு கூடினால் குஞ்சு தானே விலகிப் போகும். கரண்ட் நின்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். அரிக்கன் லாம்பைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். புகையும் கெடுதி, தீயும் பயம். கடதாசியையும் எடுத்துவிடுங்கள். வழுக்கும் தரையில் சோர்ந்த குஞ்சின் கால் விரிந்துவிடும். பழைய சாக்குத் துண்டு விரித்து, காலையும் மாலையும் மாற்றுங்கள்.

உள்ளித் தண்ணீர் இந்த இரத்தக் கழிச்சல் நோயை மாற்றாது. அதற்குப் பதிலாக, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளை, பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, முதல் நாள் அரை மணிக்கு ஒருக்கால் துளித்துளியாகக் கொடுங்கள். குஞ்சு தானாகக் குடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம், ஏனென்றால் பிறகு மருந்துத் தண்ணீர் மட்டுமே அதன் முன்னால் இருக்கவேண்டும்.

மகள் பக்கத்தில் இருக்கட்டும், தடையில்லை. கோழியின் இந்தக் கழிச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கோழி எச்சத்தில் சல்மொனெல்லா போன்ற வேறு கிருமிகள் இருக்கலாம். குஞ்சைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், கொஞ்சுகிறேன் என்று முகத்தோடு வைக்க விடாதீர்கள்.

இனி மருந்து. நீங்கள் சொல்லும் வயது, மழை, கூனல், இரத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது இரத்தக் கழிச்சல், கொக்சிடியோசிஸ். மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுகளில் அதிகம் வரும். குடலின் உட்தோலைத் தின்னும் ஓரணு உயிரிதான் காரணம், பக்டீரியா இல்லை. இதற்கு உரிய மருந்து அம்ப்ரோலியம். 20 வீதத் தூள் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1.2 கிராம், தொடர்ந்து 5 நாள். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரைக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. வேறு வீதத் தூள் கிடைத்தால் உறையில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். அந்த 5 நாளும் விற்றமின் தூள் எதுவும் கலக்காதீர்கள். அம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்த உயிரிக்கு விற்றமின் பி1 கிடைக்காமல் மறிப்பதால்தான். ஒரு கையால் மருந்தும் மறு கையால் பி1-ம் கொடுத்தால் மருந்துக்குப் பலன் இராது.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். ஒரு குஞ்சு திண்ணையில் இருக்கிறது, மற்ற ஒன்பதும் எங்கே நிற்கின்றன? செத்த குஞ்சும் இந்தக் குஞ்சும் கழித்த அதே நிலத்தைத்தான் அவையும் கிளறுகின்றன. இந்த மருந்துத் தண்ணீர் அந்த ஒன்பதுக்கும் இன்றே வேண்டும். இரத்தம் கண்ட குஞ்சின் குடல் ஏற்கனவே புண்ணாகிவிட்டது, மருந்து அதை முழுதாகக் காப்பாற்றும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னும் கழியாமல் ஓடித்திரியும் குஞ்சுகளைத்தான் மருந்து நன்றாகக் காப்பாற்றும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈரம். இதை நான் ஒவ்வொரு மாரிக்கும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். நோய்க்குஞ்சு கழிக்கும்போது வெளியே வரும் அந்த உயிரியின் நுண்முட்டை அந்த நேரத்தில் யாருக்கும் தொற்றாது. வெளியே கிடந்து முற்றவேண்டும். முற்றுவதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் தேவை. மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றிவிடும். வெதுவெதுப்பையும் காற்றையும் எங்கள் ஊரில் யாரும் நிறுத்த முடியாது. உங்கள் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். டெற்றோலும் ஃபினைலும் இந்த நுண்முட்டையின் ஓட்டைத் துளைக்காது. கூட்டைக் கழுவிக் கழுவி ஊற்றுபவர்கள் நோய்க்கு வேண்டிய ஈரத்தைத் தாங்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றுக்குப் பயந்து கூட்டைத் தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவதை வலிகாமத்திலும் பார்க்கிறேன், தென்மராட்சியிலும் பார்க்கிறேன். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் கோழிகளின் மூச்சும் எச்சமும் உள்ளேயே புழுங்கிக் காலையில் உமி சேறாகிவிடும். கீழே, குஞ்சின் உயரத்துக்குக் காற்றை மறையுங்கள். மேலே ஒரு முழமாவது திறந்து விடுங்கள். கூட்டுக்குள் நீங்கள் குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

கீழே இருக்கும் உமி முழுவதையும் அள்ளி, கோழி போகாத மூலையில் தறப்பாளால் மூடிக் குவியுங்கள். பிறகு தென்னைக்கோ வாழைக்கோ எருவாகட்டும். நிலத்தில் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவி, காய்ந்த பிறகு மில்லிலிருந்து புது உமி எடுத்து இரண்டு அங்குலம் பரப்புங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டைபோல் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தை அன்றே அள்ளி மாற்றுங்கள். தண்ணீர்ச் சிரட்டையைச் சுற்றித்தான் எப்போதும் முதலில் நனையும். சிரட்டையைத் தூக்கிவிட்டு, குஞ்சு கால் வைக்க முடியாத பாத்திரத்தை ஒரு கல்லின் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். குறுணலை நிலத்தில் எறிவதும் வேண்டாம். எச்சத்தோடு சேர்த்துத்தான் பொறுக்கும்.

இந்த உயிரி அறவே இல்லாத கோழி வளவு கிடையாது. காய்ந்த நிலத்தில் குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, நோய் வராமலே எதிர்ப்புச் சக்தி எடுத்துக்கொள்ளும். ஈரநிலத்தில் ஒரே தடவையில் கூடுதலாக விழுங்குவதுதான் ஆபத்து.

அந்த மஞ்சள் தூளைப் பற்றி. உறையில் பெயரில்லை என்றால் அதைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். பெரிய பொதியை உடைத்துச் சின்னப் பொலித்தீனில் கட்டி விற்பது பெரும்பாலும் ஒக்சிரெற்றாசைக்ளின் போன்ற அன்ரிபயோற்றிக்காக இருக்கும். சளிக்கும் அதுதான், கழிச்சலுக்கும் அதுதான், கால் இழுத்தாலும் அதுதான். என்ன நோய், எத்தனை குஞ்சு, என்ன வயது என்று கேட்காமல் தூளை நீட்டும் கடைக்காரருக்கு மருந்து விற்க உரிமை இருக்கக்கூடாது என்பதே என் எண்ணம். நீங்கள் இழந்தது காசு மட்டுமில்லை, மூன்று நாள். இரத்தக் கழிச்சலில் மூன்று நாள் என்பது ஒரு குஞ்சின் உயிர். அதோடு தாய்க்கோழியும் அதே தண்ணீரைக் குடித்தால், அது மறுபடி முட்டையிடும்போது மருந்து முட்டைக்குள்ளும் வரலாம். அந்த முட்டையை உங்கள் மகள்தான் சாப்பிடுவாள். பனடோலை உடைத்துக் கரைத்துக் கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன், அதுவும் இதற்கு மருந்தில்லை. அம்ப்ரோலியத்தைப் பெயரும் வீதமும் திகதியும் போட்ட உறையோடு வாங்குங்கள், அல்லது உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அன்று காலை போட்ட எச்சத்தைச் சின்னப் போத்தலில் கொண்டுபோங்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சந்தேகம் தீரும். எச்சம் பச்சையாகப் போனாலோ, கழுத்து முறுகினாலோ, வாயைத் திறந்து மூச்சு இழுத்தாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று விழுந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். ராணிக்கெற் என்ற கொடிய கோழித் தொற்றுநோய் என்று நினைத்து உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். வீட்டுப் பராமரிப்பில் நேரம் போக்க வேண்டாம்.

இரத்தம் கண்டு இரண்டு மூன்று நாள் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் தப்பும். மருந்து முடிந்த பிறகு முருங்கையிலையைப் பொடியாக அரிந்து தீனோடு கலந்து கொடுங்கள். புண்ணான குடலுக்கு வேண்டிய விற்றமின் ஏயும் கேயும் அதில் உண்டு. எச்சம் சரியாகி, மாலையில் கழுத்தடியில் உள்ள தீன்பை நிறைந்து, காலையில் வெறுமையாக இருந்தால் தாயோடு விடலாம். அதுவரை மற்றக் குஞ்சுகள் இரத்தம் கண்ட இடத்தைக் கொத்தாதபடி தனியே இருக்கட்டும். ஆனால் அவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில் பெட்டியை வையுங்கள்.

செத்த குஞ்சைக் கிணற்றுப் பக்கம் தாட்டிருந்தால் இனி அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் யாழ்ப்பாண நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊறுவது நேரே கிணற்றுக்குத்தான் போகும். இனி ஏதும் செத்தால் கிணற்றிலிருந்து தூரத்தில், நாய் கிளறாத ஆழத்தில், சுண்ணாம்பு போட்டுத் தாட்டுவிடுங்கள்.