மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமா? எந்த வகை வாங்கலாம்?

உடம்பில் குறைபாடு இல்லாதவர் ஞாபக சக்திக்காக வாங்கினால் காசுதான் வீண். அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருகிறவர் என்றால் கேட்பதில் அர்த்தம் உண்டு.

மூளையில் அதற்கு வேலை இருப்பது நிஜம். நரம்பு செல்லில் என்எம்டிஏ ஏற்பி என்றொரு வாசல் இருக்கிறது. அதன் வாயில் மெக்னீசியம் தக்கைபோல அடைத்து நிற்கும். செல் நன்றாகத் தூண்டப்பட்டால்தான் தக்கை விலகி கால்சியம் உள்ளே போகும், ஞாபகம் பதிவதற்கு அது தேவை. ஆனால் மாத்திரையால் ரத்தத்தில் அளவு ஏறினாலும் மூளைக்குள் சேர்வது சொற்பம். மூளைக்குள் நன்றாகச் சேரும் என்று சொல்லித்தான் மெக்னீசியம் திரியோனேட் என்ற வகையை விற்கிறார்கள். 2010-இல் எலிகளிடம் நல்ல பலன் தெரிந்தது. மனிதர்களிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். அந்த விலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'மெக்னீசியம் கிளைசினேட் 500 மி.கி.' என்றால் அதில் மெக்னீசியம் சுமார் 14 சதவீதம், அதாவது 70 மி.கி.தான். அதே 500-க்கு 'எலிமெண்டல் 100 மி.கி.' (எலிமெண்டல் என்றால் அதில் உள்ள சுத்த மெக்னீசியத்தின் அளவு) என்று போட்டிருந்தால் மலிவான மெக்னீசியம் ஆக்சைடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆக்சைடில் 60 சதவீதம் மெக்னீசியம் இருந்தாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். சிட்ரேட்டும் மலத்தை இளக்கும், மலச்சிக்கல்காரருக்கு அதுவே வசதி.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எலிமெண்டல் கணக்கில் 100 மி.கி.யில் தொடங்கி, வயிறு ஒத்துழைத்தால் 200 வரை போகலாம். மாத்திரையாக 350-ஐத் தாண்ட வேண்டாம். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க 400 முதல் 600 வரை தருவதுண்டு, அது டாக்டர் பார்வையில் மட்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கிட்னி பழுதுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து உடம்பில் ஏறாது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. உடம்பின் மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு, மீதி எலும்பிலும் தசையிலும். பான்டோபிரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மெக்னீசியம் இறங்கலாம். டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்குப் பூசணி விதையே போதும். தோல் நீக்கிய ஒரு கைப்பிடியில், சுமார் 28 கிராமில், 150 மி.கி. வரை கிடைக்கும்: மேலே சொன்ன கிளைசினேட் மாத்திரை இரண்டுக்குச் சமம்.